‘பிறர்’ யாவர்? – தமிழில் மேற்கோள் இடஞ்சுட்டும் மரபு

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராகப் பணியேற்ற உ.வே. சாமிநாதையர், அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பலவும் பாடங்கேட்டுத் தேர்ந்திருந்த அவரிடம், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். அவ்வினாவின் விளைவாகச் சிந்தாமணி ஏட்டைக் கையிலெடுத்த ஐயரைத் திகைக்கவைத்தது மூலம் மட்டுமன்று, நச்சினார்க்கினியரின் உரையுமாகும். உரையெங்கும் பழைய செய்யுளடிகள் மேற்கோளாக வந்தன. அவை எந்நூலைச் சார்ந்தவை என்னும் குறிப்போ பல இடங்களில் இல்லை. ‘என்றார் பிறரும்’ என்னும் தொடரோடு உரையாசிரியர் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவார். அப்பிறர் யாவர் என்பதை அறிய ஐயர் ஏடு ஏடாகத் தேட நேர்ந்த வரலாற்றை ‘என் சரித்திரம்’ கூறுகிறது.

நச்சினார்க்கினியர் மேற்கோளின் இடத்தைச் சுட்டாது விட்டமைக்கும், ஐயர் அதனைத் தேடிக் கண்டு சுட்டியமைக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன. அவ்விடைவெளியில் தமிழர் இழந்த நூல்கள் பல. எஞ்சியவற்றுட் சில, எவரோ ஒருவர் தாம் எடுத்தாண்ட பாடலின் அருகே நூற்பெயரை எழுதிவைத்தமையால் மட்டுமே எஞ்சின. மேற்கோளின் இடத்தைச் சுட்டுதல் ஆய்வேட்டின் அடியில் இடப்படும் ஒரு சடங்கு என்றும், ஆங்கிலக் கல்வியோடு வந்த புதுவழக்கு என்றும் கருதுவோர் உளர். தமிழ் நூல்களின் வரலாறு அக்கருத்துக்கு இடந்தரவில்லை.

பாயிரம் விதித்த கடமை

ஒரு நூலின் முகப்பில் இன்னின்ன செய்திகள் இடம்பெறுதல் வேண்டும் என்று வரையறுத்தது தமிழ் இலக்கண மரபு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணமாக நன்னூல் கூறும். காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இவற்றுள் இரண்டாவதாகிய ‘வழி’ என்பது, அந்நூல் எந்நூலின் வழித் தோன்றியது என்பதனைக் குறிக்கும். ஆசிரியன் பெயரை அடுத்து உடனடியாக அவன் கடன்பட்ட நூலின் பெயர் வைக்கப்பட்ட முறை கருதத்தக்கது. தனக்கு முதலாய் அமைந்த நூலை மறைத்து எழுதுதல் பாயிர இலக்கணத்திற்கே புறம்பாகும்.

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பிரிக்கும் தொல்காப்பிய மரபியல், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகைப்படுத்துகிறது. பிறர் நூலிலிருந்து சுருக்கியெடுப்பதும், அதனை விரித்தெழுதுவதும், வேற்றுமொழியிலிருந்து பெயர்ப்பதும் இழிவாகக் கருதப்படவில்லை. அவை தத்தமக்குரிய பெயரால் வழங்கப்பட்டன. தொகுத்ததைத் தொகுத்தது என்றே கூறவேண்டும் என்பதுதான் மரபு. நன்னூலார் கூறும் எழுவகை மதமும் இவ்வாறே பிறர் கருத்தை முன்னிறுத்தியே அமைகின்றது. உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றங்காட்டுதல் என்பன அவற்றுட் சில. பிறர் கூறியது இது, தான் கூறுவது இது என்று வரம்பு கட்டாமல் இவற்றுள் ஒன்றையும் செய்ய இயலாது.

வாய்மொழியாகப் பரவிய உரைக்கும் இவ்வரம்பு போற்றப்பட்டது. இறையனார் அகப்பொருளின் உரை, தான் வந்த வழியைத் தானே கூறுகிறது. நக்கீரரிடமிருந்து அவர் மகனார்க்கும், பின்னர் ஆசிரியரும் மாணாக்கருமாகப் பலர் வழியாக முசிறியாசிரியர் நீலகண்டனார் வரைக்கும் அவ்வுரை வந்த முறையைப் பெயர் பெயராக அடுக்கிச் சொல்லும் பகுதி அதன்கண் உண்டு. அப்பட்டியலின் வரலாற்று உண்மை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் ஓர் உரையை எழுத்தில் அமைத்தவர், ‘இதனை யாரிடமிருந்து பெற்றீர்’ என்னும் வினா எழும் என்பதை உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

எனினும் இம்மரபின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தொல்காப்பியர் முந்தை ஆசிரியரை ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்னும் வாய்பாடுகளால் மீண்டும் மீண்டும் சுட்டுகிறார். தம் இலக்கணம் தமக்கு முன்னிருந்தோரின் வழிவந்தது என்னும் அடக்கம் அவற்றில் உண்டு. அப்புலவர்களின் பெயர்கள் இல்லை. தொல்காப்பியத்திற்கு முன் இலக்கண நூல்கள் பல இருந்தன என்று உறுதியாகக் கூறத் துணைசெய்யும் அச்சொற்களே, அவை எவை என்பதைக் கூறாமல் விட்டன.

உரையாசிரியர் நெறி

இடைக்கால உரையாசிரியர்களே மேற்கோளை ஒரு கலையாக வளர்த்தனர். இலக்கண விதிக்கு இலக்கியச் சான்று காட்டுதல், அருஞ்சொல்லுக்குப் பிறிதோரிடத்து ஆட்சியைத் துணையாக்குதல், முந்தை உரையை மறுத்தல் ஆகிய மூன்றிற்கும் அவர்கள் மேற்கோளைப் பயன்படுத்தினர். ஆயின் மறுக்கும்போது பெயர் கூறுவது அரிது. ‘என்பாரும் உளர்’, ‘ஒருசாரார்’ என்னும் பொதுச்சொற்களே பெரும்பாலும் ஆளப்பட்டன. தொல்காப்பியத்திற்கு முதலில் உரைகண்ட இளம்பூரணரைச் சேனாவரையர் ‘உரையாசிரியர்’ என்றே குறிக்கிறார். அக்காலத்துக் கற்போர்க்கு அச்சொல் ஒருவரையே குறித்தது. அடியார்க்குநல்லார் ‘உரையாசிரியராகிய இளம்பூரண அடிகள்’ என்று பெயரையும் சேர்த்து எழுதியதன் அருமை பிற்காலத்தார்க்கே புலனாகும். புறநானூற்றின் முற்பகுதிக்குக் கிடைத்துள்ள சிறந்த பழையவுரையை இயற்றியவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. உரை இருக்கிறது, உரைகாரர் இல்லை.

உரையாசிரியர்கள் நூற்பெயர் கூறாமைக்குக் காரணம் செருக்கோ கரவோ அன்று. அவர்கள் முன்னிருந்து பாடங்கேட்ட மாணாக்கர், மேற்கோளின் முதற்சீரைக் கேட்டவுடன் பாடல் முழுவதையும் ஒப்புவிக்கும் ஆற்றல் பெற்றிருந்தனர். நெஞ்சில் நூல் இருக்கும்போது நூற்பெயர் மிகையாகும். ஆகவே ‘என்றார் பிறரும்’ என்பது அறிந்தோர் அறிந்தோர்க்குக் கூறிய சொல். பாடஞ்சொல்லும் தொடர்ச்சி அறுந்து, சங்க நூல்கள் பயில்வாரின்றி ஏட்டளவில் ஒடுங்கிய காலத்தில், அறிந்தோர்க்குக் கூறிய அச்சொல் அறியாதோர் கையில் வந்து சேர்ந்தது. உ.வே. சாமிநாதையர்க்கு நேர்ந்த இடர்ப்பாடு இதுவே. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. மேற்கோளின் இடத்தைச் சுட்டுவது உடனிருக்கும் புலவர்க்காக அன்று. நூல் கைநழுவிய பின்னர் வரவிருக்கும் படிப்பாளிக்காக.

இதனை உணர்ந்தவர் போல எழுதியவர்கள் இருவரைத் தனித்துக் குறிப்பிடலாம். யாப்பருங்கல விருத்தியுரைகாரர் அவருள் ஒருவர். அவிநயம், காக்கைபாடினியம், பல்காயம், நற்றத்தம் முதலிய யாப்பு நூல்களையும், மயேச்சுரர் முதலிய ஆசிரியர்களையும் அவர் பெயர் சுட்டி எடுத்தாண்டார். இந்நூல்கள் முழுமையாக இன்று கிடைத்தில. விருத்தியுரை இல்லையாயின் தமிழ் யாப்பிலக்கண வரலாற்றில் ஒரு பெரும்பகுதி வெற்றிடமாகியிருக்கும்.

மற்றவர் சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார். இசையும் கூத்தும் பயின்றுவரும் அக்காப்பியத்திற்கு உரையெழுதப் புகுந்த அவர், தமக்குக் கருவியான நூல்கள் எவை என்பதை உரைப்பாயிரத்தில் வெளிப்படையாகக் கூறினார். தொன்மையான இசைநூல்களும் நாடக நூல்களும் இறந்தன என்றும், சிலவற்றில் நூற்பாக்கள் சிலவே நடந்து முதலும் முடிவும் காணப்படவில்லை என்றும் பிரித்துரைத்தார். அவற்றுக்குப் பின் எஞ்சியவையாகிய இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்னும் ஐந்தனையும் தம் உரைக்குத் துணையாகக் கொண்டமையை அறிவித்தார். இவ்வைந்தும் காப்பியத்திற்கு முற்றும் ஒத்த கருவிகள் அல்ல, ஒருபுடை ஒப்புமை பற்றியே கொள்ளப்பட்டன என்னும் குறிப்பையும் அவர் தவிர்க்கவில்லை. நேரிற் கண்ட நூல், சிதைவாகக் கிடைத்த நூல், பெயரளவில் அறிந்த நூல் என்னும் வேறுபாட்டை இத்தனை நேர்மையோடு பதிவு செய்த பகுதி பழைய உரைகளுள் அரிது. இன்றைய ஆய்வாளர் முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம் என்று பிரிப்பதன் உட்பொருள் இதுவே. அவர் பெயர் சுட்டிய பஞ்சமரபின் ஏடு இருபதாம் நூற்றாண்டில் கிடைத்து அச்சேறியபோது, அந்நூல் இன்னதென அடையாளங்காண அவருடைய உரையே வழிகாட்டியாயிற்று.

பெயர் காத்த நூல்கள்

புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. கி.பி. 15ஆம் நூற்றாண்டை ஒட்டி அது தோன்றியிருக்கலாம் என்பர். பழைய நூல்கள் பலவற்றிலிருந்து ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தெரிந்தெடுத்து, திருக்குறளைப் போன்று பொருள்வகையால் அதிகாரம் அதிகாரமாக அடுக்கிய அத்தொகுப்பாளர், பாடல்கள் எந்நூலைச் சார்ந்தவை என்பதையும் குறித்துவைத்தார். அக்குறிப்பு இல்லையெனில் முத்தொள்ளாயிரம் என்னும் நூல் இன்று ஒரு பெயராக மட்டுமே இருந்திருக்கும். மூவேந்தரைப் பாடும் அந்நூலின் பாடல்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை புறத்திரட்டின் வாயிலாகவே கிடைத்தன. தகடூர் யாத்திரையின் எஞ்சிய பாடல்களும் வளையாபதியின் பாடல்களிற் பெரும்பான்மையும் அவ்வாறே காக்கப்பட்டன. தம் பெயரை எழுதாத ஒருவர் பிறர் நூற்பெயர்களை எழுதிவைத்த இவ்வரிய தொகுப்பை எஸ். வையாபுரிப்பிள்ளை ஆராய்ந்து பதிப்பிக்க, 1938இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசிக்கு நேர்ந்தது வியப்புக்குரியது. பௌத்த சமயச் சார்பான அக்காப்பியத்தை மறுக்க எழுந்தது நீலகேசி என்னும் சமண நூல். நீலகேசிக்கு விரிவுரை எழுதிய சமயதிவாகர வாமன முனிவர், மறுக்கப்படும் குண்டலகேசிப் பாடல்கள் பலவற்றின் முதற்குறிப்பை உரையில் எடுத்துக் காட்டினார். மாற்றார் கருத்தை மாற்றார் சொல்லாலேயே முன்வைத்துப் பின் மறுக்கவேண்டும் என்னும் வாதநெறி அவரை அவ்வாறு செய்வித்தது. 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையோடு பதிப்பித்தபோது, மறைந்துபோன குண்டலகேசியின் தடங்களும் உடன் வெளிவந்தன. போற்றியவர் கையில் அழிந்த நூல், மறுத்தவர் கையில் ஓரளவு பிழைத்தது. மறுப்பவர்க்கும் மேற்கோள் நேர்மை வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

நூலின் மெய்ம்மையை அறுதியிடவும் மேற்கோள் உதவியதுண்டு. பதினெண்கீழ்க்கணக்கின் பதினெட்டாவது நூல் எது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த விவாதம். இன்னிலை என்னும் நூலை வ.உ. சிதம்பரம் பிள்ளை உரையுடன் வெளியிட்டார். பின்னர் 1931இல் இ.வை. அனந்தராமையர் கைந்நிலையைப் பதிப்பித்தார். கைந்நிலைப் பாடல்கள் பழைய உரைகளில் மேற்கோளாக ஆளப்பட்டிருத்தல், அதனையே கீழ்க்கணக்கு நூலாகக் கொள்ளும் கருத்துக்கு வலிமை சேர்த்த சான்றுகளுள் ஒன்றாயிற்று. இன்னிலையைப் பிற்காலத்துப் படைப்பாகவே அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. அகத்தியம் என்னும் பெயரால் பிற்கால உரைகளில் வழங்கும் நூற்பாக்கள் எல்லாம் பழைய அகத்தியத்தைச் சார்ந்தவை அல்ல என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. ஆதலின் ஒரு பெயரைக் குறிப்பிடுதல் மட்டும் போதாது. அப்பெயருடைய நூலைக் குறிப்பிட்டவர் தாமே கண்டாரா, கேட்டதை எழுதினாரா என்பதும் தெரிதல் வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் தொகுப்பு இவ்வகையில் முன்மாதிரியானது. ஒவ்வொரு நூலைப் பற்றியும் எவ்வுரையில், எச்சாசனத்தில் குறிப்புக் கிடைக்கிறது என்பதை அவர் தனித்தனியே எடுத்துக் காட்டினார். அந்நூல் முழுவதும் பிறர் செய்த மேற்கோள்களால் கட்டப்பட்டது என்று கூறினும் மிகையாகாது.

பதிப்பாசிரியர் பணி

அச்சுக்காலம் தொடங்கியபோது மேற்கோளின் இடங்காணல் பதிப்பாசிரியரின் கடமையாயிற்று. தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் வெளியிட்ட சி.வை. தாமோதரம்பிள்ளை, தம் பதிப்புரைகளில் ஏடுகளின் நிலையையும் அவை கிடைத்த வரலாற்றையும் விரிவாக எழுதினார். ஏடு உதவினோர்க்கு நன்றி கூறுதல் என்ற அளவில் அது நின்றுவிடவில்லை. தாம் காட்டும் பாடத்திற்கு அடிப்படை எது என்று படிப்போர் அறியவேண்டும் என்பது அதன் பயன்.

உ.வே. சாமிநாதையர் இப்பணியை முறைமைப்படுத்தினார். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அவர் பதிப்புகள் வெளிவந்தன. ஏடுகள் எவ்வெவ்வூரிலிருந்து எவரெவர் வாயிலாகக் கிடைத்தன என்னும் பட்டியல், பாடவேறுபாடு, உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களின் வரிசை, அருஞ்சொல் அகராதி ஆகியன அப்பதிப்புகளின் உறுப்புகளாயின. சங்கத்தொகை நூல்களின் ஏடுகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க, நச்சினார்க்கினியர் குறித்த பிறர் ஒவ்வொருவராக அடையாளம் காணப்பட்டனர். அவ்வாறு கண்டறிந்த இடத்தை நூற்பெயரும் பாடல் எண்ணும் அடியெண்ணுமாகக் குறிக்கும் வழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் நிலைபெற்றது. தேடியும் காணக் கிடையாதவற்றை ‘இடம் விளங்காத மேற்கோள்கள்’ எனத் தனியே பட்டியலிடும் முறையும் உண்டாயிற்று. தெரியாததைத் தெரியாதது என அச்சிட்டு ஒப்புக்கொள்ளும் அப்பட்டியல், பதிப்பாசிரியரின் புலமைக்கு இழுக்கன்று. அடுத்து வருவோர்க்கு அவர் ஒதுக்கிவைத்த பணி அது.

அகராதியும் அடைவும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பணி 1913இல் தொடங்கியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அனுபந்தமாகவும் அது வெளிவந்தது. ஆறு தொகுதிகளில் மட்டும் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக விளங்கியவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு அமையாமல், அப்பொருளில் அச்சொல் ஆளப்பட்ட இடத்தை நூற்பெயர்ச் சுருக்கத்தாலும் எண்ணாலும் சுட்டியமை அவ்வகராதியின் தனிச்சிறப்பு. ஒரு பொருளை ஐயுறுவோர் அவ்விடத்தைத் திறந்து தாமே ஆராயலாம். வையாபுரிப்பிள்ளையின் காலவாராய்ச்சி முடிபுகளை ஏற்காதோர் பலர். அம்முடிபுகளுக்கு அவர் காட்டிய சான்றிடங்களைப் பார்த்தே அவர்களும் தம் மறுப்பை எழுத முடிந்தது. இடஞ்சுட்டிய கருத்து தவறாயினும் திருத்தற்குரியது. இடஞ்சுட்டாத கருத்தோ திருத்தவும் இடந்தராது.

பாடல் முதற்குறிப்பும் சொல்லடைவும் இம்முயற்சியைத் தொடர்ந்தன. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாசத்தின் சங்க இலக்கியப் பதிப்பு புலவர் வரிசையில் வெளிவந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் நூற் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. வரலாற்றுத் துறையில் கல்வெட்டுகளுக்கும் இத்தகைய எண்முறை அமைந்தது. ஹூல்ச் 1890இல் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளும், கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கைகளும் ஒவ்வொரு சாசனத்திற்கும் ஓர் எண்ணைத் தந்தன. ‘இராசராசன் தஞ்சைக் கல்வெட்டு கூறும்’ என்று எழுதுவதால் பயனில்லை. பெரிய கோயிலின் சாசனங்கள் பல. தொகுதியும் எண்ணும் கூறினாலன்றி அவற்றுள் எது என்பதை அறிதல் இயலாது. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழில் எழுதியபோது, கல்வெட்டு எண்களை அடிக்குறிப்பில் தொடர்ந்து காட்டிச் சென்றமை தமிழ் வரலாற்று நூல்களுக்கு வழிகாட்டியாயிற்று.

ஆய்வேடும் அடிக்குறிப்பும்

1948இல் மு. வரதராசனார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தொடக்ககாலத் தமிழ் ஆய்வேடுகள் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால் அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் ஆகியவற்றின் வடிவமும் அம்மொழி வழியே வந்தது. தமிழில் ஆய்வேடு எழுதும் காலம் வந்தபோது, ‘மேலது’, ‘முற்காட்டிய நூல்’ என்னும் தமிழ் வழக்குகள் உருவாயின. வடிவம் வந்ததேயன்றி அதன் பயன் உணரப்படாத நிலையும் உடன் வந்தது. ‘மேலது, ப. 45’ என்று குறித்த பின்னர், வழிகாட்டியின் திருத்தத்திற்கேற்ப இடையில் வேறொரு மேற்கோள் செருகப்படும். மேலது என்னும் சொல் அப்போதே வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். தேர்வாளர் கண்ணுக்கு அடிக்குறிப்பு வரிசையாகத் தோன்றும். தேடிச் செல்வோர்க்கு அங்கு ஒன்றும் இராது.

தமிழ் நூல்களுக்கே உரிய நுட்பங்களும் உண்டு. தொல்காப்பியத்தை நூற்பா எண்ணால் சுட்டும்போது எவ்வுரை என்பதையும் சுட்டுதல் இன்றியமையாதது. ஓர் உரையாசிரியர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை மற்றவர் இரண்டாகக் கொண்ட இடங்கள் உண்டாதலின், உரைதோறும் எண் மாறும். திருக்குறளிலும் மணக்குடவர் கொண்ட வைப்புமுறை வேறு, பரிமேலழகர் கொண்ட வைப்புமுறை வேறு. இன்று வழங்கும் குறள் எண் பரிமேலழகர் முறையைத் தழுவியது. மணக்குடவர் உரையை மேற்கோள் காட்டுவோர் இதனை மறத்தலாகாது. பழைய நூல்களின் பதிப்புக்குப் பதிப்பு பாடம் மாறுவதால், பதிப்பாண்டு கூறாத மேற்கோள் பாதி மேற்கோளே.

ஆசிரியர் பெயரை நிரல்படுத்துவதிலும் இடர்ப்பாடு உண்டு. தமிழர் பெயரின் முன்னுள்ள எழுத்துகள் ஊரையோ தந்தையையோ குறிப்பன. குடும்பப் பெயர் அல்ல. எனவே ‘சாமிநாதையர், உ.வே.’ என்றும் ‘வரதராசன், மு.’ என்றும் இயற்பெயரை முதலில் வைத்து அகரவரிசைப்படுத்துவதே பொருத்தம். இறுதிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்ளும் அயல்நாட்டு முறையை அப்படியே பின்பற்றினால், ‘ஐயர்’, ‘பிள்ளை’, ‘முதலியார்’ என்னும் தலைப்புகளில் அறிஞர் பலரும் ஒன்றாய்க் குவிந்து தனித்தனி அடையாளம் இழப்பர்.

இவை அனைத்தினும் பெரிய குற்றம் மேற்கோளின் மேற்கோள். கல்வெட்டையோ அரிய பதிப்பையோ காணாத ஒருவர், அதனைக் கண்ட மற்றொருவரின் நூலிலிருந்து வரிகளை எடுத்துக்கொண்டு, இடைநின்றவர் பெயரை விட்டுவிட்டு மூலத்தின் பக்க எண்ணை மட்டும் எழுதுவார். இடைநின்றவர் செய்த அச்சுப்பிழை உட்பட அவ்வரி அடுத்த ஆய்வேட்டிற்கும், அதற்கடுத்ததற்கும் செல்லும். ஐந்து ஆய்வேடுகள் ஒரே பிழையோடு ஒரே மூலத்தைச் சுட்டுமாயின், அவற்றுள் நான்கேனும் அம்மூலத்தைக் கண்டதில்லை என்று துணியலாம். ‘இன்னார் நூலில் காட்டியபடி’ என்று எழுத நாணுதல் வேண்டா. முதலும் முடிவும் கிடைக்காத நூல்கள் இவை என்று அடியார்க்குநல்லார் எழுதியபோது அவர் புகழ் குன்றிவிடவில்லை.

பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டுவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகளை வெளியிட்டது. ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு மிகாதவழித் தண்டனையில்லை. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். இடைநிலைகளுக்கும் படிநிலைத் தண்டனைகள் உண்டு. விதி தேவையானதே. எனினும் கணிப்பொறி அளப்பது சொல்லின் ஒப்புமையை மட்டுமே. ஒருவர் பல்லாண்டு உழைத்துக் கண்ட முடிபை வேறு சொற்களில் மாற்றியெழுதி, அவர் பெயரை விட்டுவிடும் ஆய்வேடு அந்த அளவுகோலில் தூயதாகவே தோன்றும். நூற்பெயரோடு நேர்மையாக நீண்ட மேற்கோள் காட்டியவர் ஐயுறவுக்கு உள்ளாவதும் நிகழக்கூடும். ஆய்வாளரின் உள்ளத்தில் ‘வழி’ கூறும் உணர்வு இல்லாதவிடத்து விழுக்காடு அதனைத் தோற்றுவிக்காது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் நிறுவப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் பழந்தமிழ் நூல்களை வீட்டிலிருந்தே காணும் வாய்ப்பை அளித்துள்ளன. ஐயர் ஊர் ஊராகச் சென்று தேடிய மேற்கோளை இன்று நொடிப்பொழுதில் தேடிவிட முடியும். ஆயின் அவ்வாறு எடுக்கப்படும் பாடல் எப்பதிப்பைச் சார்ந்தது என்று நோக்குவோர் குறைவு. தேடும் உழைப்பு குறைந்தமையால் சுட்டும் கடமை குறைந்துவிடவில்லை.

முடிவாக

பாயிரம் வழியைக் கூறச்செய்தது. உரையாசிரியருட் சிலர் கூறினர், பலர் கூறாது விட்டனர். கூறியவை பிழைத்தன, கூறாதவற்றைத் தேடப் பதிப்பாசிரியர் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். தமிழில் மேற்கோளின் வரலாற்றை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். ஒரு நூற்பெயரும் எண்ணும் எழுத ஒருவர்க்கு ஆகும் பொழுது சில நொடிகளே. எழுதாது விட்டதைத் தேடுவோர்க்கு ஆகும் பொழுதுக்கு அளவில்லை.

தமிழாராய்ச்சிக் கட்டுரைகள் கணிசமானவை இதழ்களிலும் நூல்களிலும் அன்றி, இலக்கிய அமைப்புகள் வெளியிடும் விழா மலர்களில்தான் முதன்முதல் அச்சேறுகின்றன. அம்மலர்கள் சிலவற்றில் வெளியிட்ட ஆண்டு இராது. சிலவற்றில் ஊர்ப்பெயர் இராது. விளம்பரப் பக்கங்களுக்கு இடையே பக்க எண் மறைந்திருக்கும். பிற்காலத்தில் அதன் கட்டுரையொன்றை எடுத்தாள விரும்புவோர் ‘ஒரு மலரில் கண்டது’ என்று எழுதுவதன்றி வேறு வழியறியார். அக்கட்டுரையாசிரியரும் ‘பிறர்’ ஆகிவிடுவார். பத்தாண்டு நிறைவில் வெளிவரும் இத்தகைய மலர் ஒவ்வொன்றும் ஆண்டும் ஊரும் வெளியிட்டோர் பெயரும் பக்க எண்ணும் பிழையறத் தாங்கி வருமாயின், பாயிரம் விதித்த கடமைகளுள் ஒன்று அதன் முகப்பிலேயே நிறைவேறியதாகும்.